பழைய அகூஸ்டிக் கிட்டார், 12ஆம் ஃப்ரெட்டில் ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) 3.8 மி.மீ. – எங்கிருந்து தொடங்குவது?

ஆறாங்கம்பி எழுதியது:

வணக்கம். செகண்ட் ஹேண்டில் ஒரு அகூஸ்டிக் கிட்டார் கைக்கு வந்திருக்கிறது. 1970களின் ட்ரெட்நாட் (அகன்ற பெரிய உடல் வகை). மேற்பலகை முழு ஸ்ப்ரூஸ், பக்கமும் பின்னும் ப்ளை. திறந்த கம்பிகளில் சத்தம் அவ்வளவு நிறைவாக இருக்கிறது. ஆனால் ஐந்தாம் ஃப்ரெட்டை (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) தாண்டினால் விரல் நோகிறது, பார் கார்டு (ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் பிடி) பிடிக்கவே முடியவில்லை. அளந்து பார்த்தது இது:

ஸ்கேல் நீளம் (கம்பியின் அதிரும் நீளம்) 645 மி.மீ., உடல் சேரும் இடம் 14ஆம் ஃப்ரெட்
12ஆம் ஃப்ரெட்டில் ஆறாம் கம்பி 3.8 மி.மீ., முதல் கம்பி 3.0 மி.மீ.
ப்ரிட்ஜுக்கு (மேற்பலகையில் ஒட்டிய, கம்பிகளைப் பிடிக்கும் கட்டை) மேலே சேடில் (கம்பிகள் ஏறி நிற்கும் மெல்லிய பட்டை) தெரிவது ஆறாம் கம்பிப் பக்கம் 3.5, முதல் கம்பிப் பக்கம் 2.2
நெக்கின் முன்வளைவு (கம்பி இழுப்பில் நெக் குழிவது) 7ஆம் ஃப்ரெட்டில் 0.5 மி.மீ.
நீளமான ஸ்டீல் ஸ்கேலை ஃப்ரெட்டுகள் மேல் படுக்க வைத்து நீட்டினால், அது ப்ரிட்ஜின் மேல்விளிம்புக்கு 3 மி.மீ. கீழே போய் முட்டுகிறது
ப்ரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் மெல்லிய காகிதம் 6 மி.மீ. உள்ளே போகிறது
ப்ரிட்ஜுக்குப் பின்னால் மேற்பலகை லேசாகத் தொப்பை போட்டிருக்கிறது

கம்பி 12–53 செட் (தடிமன், ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில்). டிரஸ் ராட் (நெக்குக்குள் வளைவைத் திருத்தும் உலோகத் தண்டு) இருக்கிறது, அதன் திருகு நட் சுழல்கிறது. சேடிலைத் தேய்த்தால் போதும் என்று ஒருவர் சொல்கிறார், நெக்கையே கழற்ற வேண்டும் என்று இன்னொருவர். அரத்தைக் கையில் எடுப்பதற்கு முன் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

உளிச்சத்தம் எழுதியது:

அளவுகளோடு கேட்டதற்கு நன்றி. "ஆக்‌ஷன் ஹையா இருக்கு" என்று மட்டும் எழுதினால் பதில் சொல்ல வழியே இருக்காது.

முதலில் சேடில் கணக்கு. 12ஆம் ஃப்ரெட் கம்பியின் நடுப்புள்ளி. அதனால் அங்கே 1 மி.மீ. இறங்க வேண்டுமானால் சேடிலில் 2 மி.மீ. எடுக்க வேண்டும். விரலால் வாசிப்பவருக்கும் மிதமாக ஸ்ட்ரம் செய்பவருக்கும் ஆறாம் கம்பி 2.4, முதல் கம்பி 1.8 வசதியான அளவு. முன்வளைவை 0.25க்குக் கொண்டுவந்தால் 12ஆம் ஃப்ரெட்டில் ஏறக்குறைய 0.2 தானாகக் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி, ஆறாம் கம்பியில் 1.2 இறங்க வேண்டும், அதாவது சேடிலில் 2.4. உங்களிடம் இருப்பது 3.5, மிஞ்சுவது 1.1. முதல் கம்பியில் 1.0 இறங்க வேண்டும், சேடிலில் 2.0. உங்களிடம் இருப்பது 2.2, மிஞ்சுவது 0.2. அது சேடில் இல்லை, ப்ரிட்ஜ் மேல் ஒரு கோடு. கம்பி ப்ரிட்ஜ் பின்னிலிருந்து (கம்பியைத் துளையில் பிடிக்கும் முளை) சேடிலுக்கு ஏறும் கோணமே இல்லாமல் போகும்; சேடிலில் அழுத்தம் குறையும், சத்தம் ஒல்லியாகும், கம்பி பக்கவாட்டில் நழுவும். ஆக இன்றைய நிலையில் சேடிலைத் தேய்த்து மட்டும் இது தீராது.

டிரஸ் ராட்டையும் இதற்கு மருந்தாக நினைக்காதீர்கள். நெக்கின் வளைவைத்தான் அது மாற்றும், நெக் உடலோடு சேரும் கோணத்தை மாற்றாது. ஆக்‌ஷன் குறையட்டும் என்று ராட்டை முறுக்கிக்கொண்டே போனால் நெக் பின்பக்கம் வளைந்துவிடும். முதல் நான்கு ஃப்ரெட்டுகள் கரகரக்கும், 12ஆம் ஃப்ரெட் அப்படியே உயரமாக நிற்கும்.

இப்போது அந்த 3 மி.மீ. விஷயம். நெக் கோணம் சரியாக இருக்கும் கிட்டாரில் ஃப்ரெட்டுகள் மேல் வைத்த ஸ்கேல் ப்ரிட்ஜின் மேல்விளிம்பை உரசிக்கொண்டு போக வேண்டும். உங்களுடையது 3 மி.மீ. கீழே முட்டுகிறது என்றால், கம்பிகளின் இழுப்பில் (12–53 செட்டில் மொத்தம் 70 கிலோவுக்கு மேல்) ஹீல் பகுதி (நெக் உடலோடு சேரும் அடிக்கட்டை) பல ஆண்டுகளாக முன்னால் சாய்ந்திருக்கிறது, அல்லது மேற்பலகை உயர்ந்து ப்ரிட்ஜைத் தூக்கியிருக்கிறது, அல்லது இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். இந்த வயதுள்ள கிட்டாரில் பெரும்பாலும் மூன்றாவதுதான். ஒன்று மட்டும்: நீங்கள் ஸ்கேல் வைத்தபோது நெக்கில் 0.5 வளைவு இருந்தது. அது இந்த அளவைக் கொஞ்சம் புரட்டும். நெக்கை நேராக்கிவிட்டு மறுபடி வைத்துப் பாருங்கள்.

காகிதம் 6 மி.மீ. உள்ளே போவதுதான் எனக்குக் கவலை. 1–2 மி.மீ. போனால் விட்டுவிடலாம், ப்ரிட்ஜின் ஓரத்தில் பாலிஷுக்கு மேலேயே ஒட்டியிருப்பார்கள், அங்கே பசை பிடிக்காதது வழக்கம். 6 என்றால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது. பின்விளிம்பு தூக்கும்போது ப்ரிட்ஜ் முன்னால் உருளும், சேடில் உயரும், ஆக்‌ஷனும் உயரும். இதைச் சரிசெய்யாமல் நெக்கைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம். அதுவரை கம்பியை ஒரு முழு டோன் இறக்கி வையுங்கள். ஒருநாள் ராத்திரி டப்பென்று ப்ரிட்ஜ் பெயர்ந்தால் ஸ்ப்ரூஸ் நாரையும் பிய்த்துக்கொண்டு வரும்.

இடைவெளிக்குள் ஊசியால் பசை ஏற்றுவது வீண் வேலை. உள்ளே பழைய பசையும் அழுக்கும் இருக்கிறது. புதுப் பசை மரத்தைத் தொடாது. முழுதாகக் கழற்ற வேண்டும். சேடிலை எடுத்துவிட்டு, சுற்றிலும் மேற்பலகையை ஃபாயில் சுற்றிய அட்டையால் மறைத்து, ப்ரிட்ஜை மட்டும் சூடாக்கி, மழுங்கிய மெல்லிய பேலட் கத்தியைப் பின்பக்கத்திலிருந்து நார் ஓடும் திசை பார்த்து நுழையுங்கள். அவசரப்பட்டால் கத்தி நாருக்குள் இறங்கிவிடும். எடுத்தபின் இரு பக்கமும் வெறும் மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். ப்ரிட்ஜ் ரோஸ்வுட் என்றால் எண்ணெய்ப் பசையுள்ள மரம். ஒட்டுவதற்குச் சற்று முன் அசிடோனால் ஒரு துடைப்பு. பசைக்கு வஜ்ஜிரம் (விலங்குத் தோலில் செய்த பசை) அல்லது டைட்பாண்ட் ஒரிஜினல் போன்ற மஞ்சள் பசை. எபாக்ஸியும் சூப்பர் க்ளூவும் இங்கே வேண்டாம், அடுத்து இதைக் கழற்ற வருகிறவர் உங்களைச் சபிப்பார். உள்ளே ஒரு தாங்குகட்டை கொடுத்து, சவுண்ட் ஹோல் வழியாக மூன்று நீண்டகை கிளாம்ப். பசை தடவி ஐந்து நிமிடத்துக்குள் கிளாம்ப் ஏறிவிட வேண்டும், ஆகவே பசை இல்லாமல் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். 24 மணி நேரம் தொடாதீர்கள்.

வெள்ளிக்கம்பி எழுதியது:

இவ்வளவு தேவையா ப்ரோ? ப்ரிட்ஜை இழைப்புளி போட்டு 2 மி.மீ. மெலிசாக்கிட்டு சேடிலையும் இறக்கிட்டா ஒரே மதியத்துல வேலை முடிஞ்சுது. கம்பியை 12லேர்ந்து 11–52க்கு மாத்துங்க, இழுப்பு குறையும், நெக்கும் கொஞ்சம் பின்னால போகும். ப்ளை பாடிதானே, மியூசியத்துக்கா போகப்போகுது?

அப்புறம் நட் (ராட்டோட நட் இல்ல, நெக் நுனில கம்பிங்க உட்கார்ற பட்டை) ஸ்லாட்டை யாரும் கேட்கவே இல்லை. பார் கார்டு வரலைன்னா பாதி நேரம் குத்தவாளி நட்டுதான். மூணாவது ஃப்ரெட்டை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல எவ்வளவு இருக்குன்னு பாருங்க. தடிச்ச கம்பில 0.1 மி.மீ. கிட்ட, மெல்லிய கம்பில ஒரு மயிரிழை இருந்தா போதும். அரை மி.மீ. தெரிஞ்சா நட்டை இறக்கணும். ஸ்லாட்டை கம்பி தடிமனுக்கு ஏத்த அரத்தால மட்டும் தேய்க்கணும். அரம் ஹெட்ஸ்டாக் (ட்யூனிங் குமிழ் இருக்கிற தலை) பக்கமா சரியணும், கம்பி ஃப்ரெட்போர்டு பக்க விளிம்புல உட்காரணும். தப்பா சரிச்சா சித்தார் மாதிரி ஙொய்ங்குன்னு அடிக்கும்.

உளிச்சத்தம் எழுதியது:

நட் விஷயம் சரி, நான் விட்டுவிட்டேன். கம்பியை மாற்றுவதும் நல்ல யோசனை. பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போய்விடலாம்.

ப்ரிட்ஜை இழைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலான ப்ரிட்ஜுகள் 9 மி.மீ. உயரத்தைச் சுற்றி இருக்கும். அதில் 2 போனால் 7. சேடில் உட்காரும் பள்ளத்தின் ஆழமும் அந்த அளவு குறையும்; சேடில் முன்னால் சாயும், பள்ளத்தின் முன்சுவரைத் தள்ளும், கடைசியில் பின் துளைகளின் வரிசை நெடுக வெடிப்பு. விறைப்பும் போவதால் இப்போது லேசாக இருக்கும் தொப்பை இன்னும் கூடும். அதோடு ஹீல் சாய்ந்தது சாய்ந்தபடியே இருக்கிறது, மேலும் சாயும். பிறகு ஒருநாள் நெக்கைச் சரிசெய்யப் போனால் புது ப்ரிட்ஜும் செய்ய வேண்டிவரும். எடுத்த மரத்தைத் திருப்பி ஒட்ட முடியாது. இதுதான் கடைசி முயற்சி என்று தெரிந்தே ஒரு மலிவான கிட்டாரில் செய்வது வேறு. இங்கே மேற்பலகை முழு ஸ்ப்ரூஸ், சத்தமும் பிரமாதம் என்கிறார்.

ஈரமானி எழுதியது:

அளவெடுத்த அறையின் ஈரப்பதம் எவ்வளவு? யாரும் கேட்காததால் கேட்கிறேன்.

மரம் ஈரத்தை உறிஞ்சினால் நாருக்குக் குறுக்கே விரியும், நெடுக்கில் ஏறக்குறைய விரியாது. மேற்பலகையின் அடியில் பிரேஸ்கள் (தாங்குசட்டங்கள்) குறுக்காக ஒட்டியிருப்பதால் அடிப்பக்கம் விரிய முடியாமல் நிற்கிறது, மேல்பக்கம் விரிகிறது. விளைவு, பலகை மேல்நோக்கிக் குவியும். ப்ரிட்ஜும் கூடவே ஏறும். ஈரமான இடத்தில் நெடுநாள் கிடந்த கிட்டாரில் இது மட்டுமே 12ஆம் ஃப்ரெட்டில் கால் மி.மீ.க்கு மேல் காட்டும். இதை நெக் கோணம் என்று நினைத்து ஹீலில் மரத்தை எடுத்துவிட்டால், வறட்சி வந்ததும் கம்பி ஃப்ரெட்டில் படுத்துக்கொள்ளும்.

45 முதல் 50 சதவீதம்தான் இலக்கு. கிட்டாரை ஈரமானியோடு பெட்டிக்குள் வைத்து, இருவழி ஈரப்பதப் பொட்டலம் 49 சதவீத வகை இரண்டோ மூன்றோ போட்டு, இரண்டு வாரம் விடுங்கள். சிலிக்கா ஜெல்லை அள்ளிப் போட்டு இரண்டே நாளில் உலர்த்த வேண்டாம். 70லிருந்து 45க்கு அவசரமாக இறக்கினால் நடு ஒட்டில் பலகை வாய்பிளக்கும்.

மலிவான டிஜிட்டல் ஈரமானிகள் 5, 8 சதவீதம் என்று பிசகுவது சகஜம். சோதிக்க உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு, அதில் சில சொட்டுத் தண்ணீர். ஈரமணல் போல இருக்க வேண்டும், கரைந்து ஓடக்கூடாது. மூடியையும் ஈரமானியையும் ஜிப் பைக்குள் அடைத்து 10–12 மணி நேரம் விடுங்கள். உள்ளே 75 சதவீதம் நிலைத்திருக்கும். உங்கள் கருவி 70 என்று காட்டினால், இனி அது சொல்வதோடு 5 கூட்டிக்கொள்ளுங்கள்.

மறுபக்கமும் உண்டு. ஃப்ரெட்டுகளின் நுனி நெக் ஓரத்தில் கையைக் கீறுகிறதா? ப்ரிட்ஜுக்கும் சவுண்ட் ஹோலுக்கும் நடுவே பலகை உள்வாங்கியிருக்கிறதா? அப்படியானால் கிட்டார் காய்ந்திருக்கிறது, ஈரமாக இல்லை. அந்த நிலையில் ஆக்‌ஷன் 3.8 இருந்தால் நிலைமை நீங்கள் நினைப்பதைவிட மோசம்.

பழம்பெட்டி எழுதியது:

நெக்கைக் கழற்றுவதா வேண்டாமா என்று விவாதிக்கும் முன், உள்ளே என்ன மாதிரி இணைப்பு என்று பார்த்துவிடுங்கள். எல்லாம் டவ்டெயில் (புறாவால் வடிவ மர இணைப்பு) இல்லை. சவுண்ட் ஹோல் வழியாகக் கண்ணாடியும் ஒரு சிறு விளக்கும் விட்டு ஹீல் கட்டையைப் பாருங்கள். போல்ட் தலை தெரிந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. தெரியாவிட்டால் டவ்டெயிலாக இருக்கலாம், டவல் குச்சி (உருளை மரமுளை) போட்டு ஒட்டியதாகவும் இருக்கலாம். டவல் என்றால், நெக்கைக் கழற்ற இணைப்புக்குள் விடும் நீராவிக்கு உள்ளே போக இடமே இருக்காது. இணைப்பில் எபாக்ஸி போட்டிருந்தாலும் நீராவி மட்டும் வைத்துக்கொண்டு அசைக்க முடியாது.

கண்ணாடி உள்ளே போனதும் இன்னும் இரண்டு இடம். ஒன்று, ப்ரிட்ஜ் பிளேட்: பின் துளைகளுக்கு அடியில் இருக்கும் மெல்லிய கடினமரம். கம்பியின் உருண்டை முனை அதன்மேல் தட்டையாக உட்கார வேண்டும். பழைய கிட்டார்களில் துளை தேய்ந்து உருண்டை உள்ளே ஏறி ஸ்ப்ரூஸையே கடித்துக்கொண்டிருக்கும். கம்பியின் உருண்டைப் பக்கத்து முறுக்குச் சுற்று சேடில் மேலேயே ஏறி நிற்பது அதன் அடையாளம். லேசான தேய்மானத்துக்குத் துளையை மரத்தூளும் சூப்பர் க்ளூவும் வைத்து நிரப்பி, மறுபடி துளைத்து, ரீமரால் (துளையைச் சரிவாக அகலப்படுத்தும் கருவி) சரிவு கொடுப்பார்கள். ரீமர் வாங்கும் முன் பின்னை அளந்துகொள்ளுங்கள். 3 டிகிரி, 5 டிகிரி என்று இரு சரிவு உண்டு, மாற்றிப் போட்டால் பின் தொளதொளக்கும். மோசமாகச் சிதைந்திருந்தால் மேப்பிள் ஒட்டு போட வேண்டியதுதான். இரண்டு, பிரேஸ்கள். மேற்பலகையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். எங்காவது "டப்" மாறி "சளக்" என்றால் அங்கே பிரேஸ் விட்டிருக்கிறது. 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இடுக்கில் நுழைந்தால் உறுதி. தொப்பைக்குப் பாதி காரணம் அதுவாகவே இருக்கலாம்.

டிரஸ் ராட் நட் சுழல்கிறது என்றீர்கள், எந்தப் பக்கம்? பழைய ராட்டில் முதலில் தளர்த்தும் பக்கம் கால் சுற்று, பிறகுதான் இறுக்குவது. அடையாளத்துக்கு நட்டில் மார்க்கரால் ஒரு புள்ளி. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பியதும் ட்யூன் செய்து கொஞ்ச நேரம் விட்டு அளங்கள். நட் கெட்டியாக நின்றால் முரட்டுத்தனம் காட்டாதீர்கள். கழற்றி, மரையைச் சுத்தம் செய்து, ஒரு பொட்டு கிரீஸ் தடவி, வேண்டுமானால் ஒரு வாஷர் சேர்த்துப் போடுங்கள். சாவி சரியான அளவா என்றும் பாருங்கள். ஜப்பானியக் கிட்டார்களில் மெட்ரிக் அளவு. கிப்ஸன் ஹெட்ஸ்டாக் நட்டுக்கு 5/16 அங்குல சாக்கெட். "ஏறக்குறைய பொருந்துகிற" சாவிதான் நட்டின் முனையை உருண்டையாக்கிவிடும், அப்புறம் அதை எடுப்பது தனி வேலை.

ராட் இருக்கிறது என்பதே சிலருக்குக் கிடைக்காத வசதி. கிப்ஸன் 1920களிலேயே திருகித் திருத்தும் ராட்டைக் கொண்டுவந்துவிட்டது. மார்ட்டின் 1985வரை போடவில்லை. அதற்கு முன் பெரும்பாலும் நெக்குக்குள் திருத்த முடியாத உலோகத் தண்டுதான். அப்படிப்பட்ட கிட்டாரில் நெக் வளைந்தால், ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி, அடிக்கால் சற்றுத் தடித்த ஃப்ரெட்டுகளை அடித்து இறக்குவார்கள். ஒவ்வொன்றும் ஆப்பு போல ஃப்ரெட்போர்டைப் பின்னுக்குத் தள்ளும். "பழைய மார்ட்டின், ஆக்‌ஷன் மட்டும் கொஞ்சம் ஹை" என்று விளம்பரத்தில் பார்த்தால் நெக் ரீசெட் (நெக்கைக் கழற்றி, கோணம் திருத்தி, மறுபடி பொருத்துவது) செலவையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

பிக்கார்டையும் ஒருமுறை பாருங்கள். பழைய செல்லுலாய்ட் தகடு வருடக்கணக்கில் சுருங்கும். பாலிஷ் போடாத வெறும் மரத்தின்மேல் ஒட்டியிருந்தால் சுருங்கும்போது ஸ்ப்ரூஸையும் இழுத்து, தகட்டின் ஓரத்தில் நார் நெடுக வெடிக்கும். ஓரம் சுருண்டு தூக்கினால் அமுக்கி ஒட்டாதீர்கள். எடுத்துவிட்டு, வெடிப்பு இருந்தால் அதை முதலில் ஒட்டி, வெறும் மரத்துக்குப் பாலிஷ் கொடுத்து, பிறகு தகட்டைப் போடுங்கள்.

அழுக்கு எடுக்க நாஃப்தா, அதாவது லைட்டர் திரவம், துணியில் நனைத்து. நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) பாலிஷையும் பாலியூரித்தேன் வகைப் பாலிஷையும் அது ஒன்றும் செய்யாது. ஆல்கஹால் வேண்டாம், நைட்ரோவைக் கெடுக்கும், ஷெல்லாக்கை (அரக்கு பாலிஷ்) கரைத்தே விடும். நெருப்பை மட்டும் தள்ளி வையுங்கள்.

ஆறாங்கம்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து வருகிறேன். ஈரமானி அண்ணா சொன்னது உண்மை: உப்புச் சோதனையில் என் கருவி 4 குறைவாகக் காட்டியது. திருத்திப் பார்த்தால் அறை 70 சதவீதம். இப்போது பெட்டிக்குள் 48.

48க்கு வந்ததும் ஆறாம் கம்பி 3.8லிருந்து 3.5. பிறகு ராட்டை மூன்று நாளில் கால் காலாக முக்கால் சுற்று இறுக்கினேன், முன்வளைவு 0.25, ஆக்‌ஷன் 3.3. முதல் கம்பி 2.6. ஸ்கேல் இப்போது ப்ரிட்ஜ் மேல்விளிம்புக்கு 2.4 கீழே. சேடிலை இன்னும் தொடவில்லை.

நட்டில் மூன்றாம் ஃப்ரெட் சோதனை: ஆறாம் கம்பி 0.5, முதல் கம்பி 0.35. உள்ளே போல்ட் இல்லை. பிளேட் லேசாகத் தேய்ந்திருக்கிறது, உருண்டைகள் ஸ்ப்ரூஸை எட்டவில்லை. பிரேஸ் சத்தம் எங்கும் மாறவில்லை.

இனி ரீசெட்தானா? செய்தால் ஹீலில் எவ்வளவு மரம் போகும்?

உளிச்சத்தம் எழுதியது:

ஹீல் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 645 ஸ்கேலில் 14ஆம் ஃப்ரெட்டிலிருந்து சேடில்வரை 287 மி.மீ. ஃப்ரெட்போர்டு மட்டத்திலிருந்து ஹீலின் அடிவரை 95 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்களுடையதை அளந்து போட்டுக்கொள்ளலாம். ப்ரிட்ஜில் 2.4 உயர வேண்டுமானால் 2.4 × 95 ÷ 287, அதாவது 0.8 மி.மீ. ஹீலின் அடியில் 0.8, மேலே ஃப்ரெட்போர்டு ஓரத்தில் பூஜ்யம். நடுவில் சீரான சரிவு. முதலில் சொன்ன 3 மி.மீ.யை நம்பி வெட்டியிருந்தால் 1 மி.மீ. போயிருக்கும். அந்த 0.2 வித்தியாசம் சேடிலில் 0.6, 12ஆம் ஃப்ரெட்டில் 0.3.

உள்ளே டவ்டெயில் என்றால் வேலையின் போக்கு: உடலின் மேல் கிடக்கும் ஃப்ரெட்போர்டு நாக்கைச் சூடாக்கி விடுவிப்பது, 15ஆம் ஃப்ரெட்டை சோல்டரிங் அயர்னால் சூடாக்கிப் பிடுங்குவது, அந்தப் பள்ளத்துக்குள் 2 மி.மீ. துளையிட்டு டவ்டெயிலின் உள்வெளிக்கு நீராவி விடுவது. ஜாக்கியால் ஹீலை மெல்லத் தள்ளுவது. நீராவி கூடினால் நைட்ரோ பாலிஷ் வெள்ளையாகப் பூத்துப்போகும், பக்கவாட்டு ப்ளையும் விட்டுக்கொள்ளும். கழன்றபின் ஒரு வாரமாவது உலரவிட்டுத்தான் ஹீலைச் சீவுவது. டவ்டெயிலின் இரு கன்னத்திலும் மெல்லிய மரச்சீவல் வைத்து, பசை இல்லாமலேயே கம்பியின் இழுப்பைத் தாங்கும் அளவுக்கு இறுக்கமாகப் பொருந்தவைப்பதில்தான் நேரமெல்லாம் போகும். கோணம் மாறியதால் நாக்கு மேற்பலகையிலிருந்து தூக்கி நிற்கும், அதன் அடியில் ஆப்பு போல ஒரு மெல்லிய சீவல். அதை விட்டால் 14ஆம் ஃப்ரெட்டில் மேடும் அதன் பின் சரிவும் விழும். முதல் ரீசெட்டை இந்தக் கிட்டாரில் பழக வேண்டாம்.

ஆனால் உங்கள் புது அளவுகளைப் பார்த்தால் ரீசெட்டை ஒத்திப்போடலாம் என்று தோன்றுகிறது. கேளுங்கள்: ஆறாம் கம்பி 2.6, முதல் கம்பி 2.1 என்று வைத்தால், ஸ்ட்ரம் செய்பவருக்கு அது நல்ல அளவே. 3.3லிருந்து 2.6க்கு 0.7, சேடிலில் 1.4, மிஞ்சுவது 2.1. முதல் கம்பி 2.6லிருந்து 2.1க்கு 0.5, சேடிலில் 1.0, மிஞ்சுவது 1.2. குறைவுதான், ஆனால் சமாளிக்கலாம். பின் துளையிலிருந்து சேடிலை நோக்கிக் கம்பிக்கு ஒரு சிறு சரிவுப் பள்ளம் வெட்டிவிட்டால் ஏறும் கோணம் திரும்பக் கிடைக்கும். துளையின் முன்விளிம்பில் மட்டும், கம்பியின் தடிமன் அளவுக்கு.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ப்ரிட்ஜைக் கழற்றி ஒட்டுங்கள், இதைத் தள்ளிப்போட முடியாது. 48 சதவீதத்திலேயே செய்யுங்கள், ஈரப் பலகையில் ஒட்டினால் தொப்பையோடு சேர்த்து ஒட்டுவீர்கள். அடுத்து நட். ஆறாம் கம்பி 0.5 என்பது நிறைய; 0.1க்குக் கொண்டுவாருங்கள். பார் கார்டின் பாரம் பாதி அங்கேயே இறங்கிவிடும், வெள்ளிக்கம்பி சொன்னபடி. நட் இறங்கியதால் 12ஆம் ஃப்ரெட்டிலும் கொஞ்சம் குறையும், அதனால் மேலே சொன்ன சேடில் கணக்கை அப்போது மறுபடி போடுங்கள். சேடிலில் கைவைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

அதையும் பழைய சேடிலில் செய்யாதீர்கள். எலும்பில் புதிது ஒன்று செய்து அதைத் தேயுங்கள், பழையதை ஒரு கவரில் போட்டு கிட்டார் பெட்டியில் வையுங்கள். ரீசெட் நடந்தால் அது வேண்டும். எடுக்க வேண்டிய அளவைச் சேடிலின் அடியில் கூர்ப்பென்சிலால் கோடிட்டு, கண்ணாடித் துண்டில் 120 உப்புத்தாளை ஒட்டி அதன்மேல் தேயுங்கள். கோட்டுக்கு அரை மி.மீ. முன்னால் 240க்கு மாறுங்கள். விரல் அழுத்தம் ஒரு பக்கம் கூடினால் அடிப்பகுதி கோணும்; கோணிய சேடில் பள்ளத்தில் ஒரு விளிம்பில் நின்று சத்தத்தைத் தின்னும். மூலைமட்டம் வைத்து அடிக்கடி பாருங்கள். எலும்புத்தூள் மூக்கில் போகாமல் முகமூடி கட்டுங்கள், நாற்றம் வேறு.

வெள்ளிக்கம்பி எழுதியது:

சரி சரி, இழைப்புளியை உள்ள வெச்சுட்டேன். ஒண்ணு மட்டும்: ப்ரிட்ஜ் ஒட்டினதும் 12–53 மறுபடி ஏத்தாதீங்க, 11–52ல ஒரு மாசம் ஓட்டுங்க. இழுப்பு குறைஞ்சதால நெக் இன்னும் கொஞ்சம் நேராகும், ராட்டைக் கால் சுத்து தளர்த்த வேண்டி வரலாம். அதைப் பார்த்துட்டு சேடிலைத் தொடுங்க. இல்லேன்னா சேடிலை ரெண்டு தடவை செய்யணும்.

ஆறாங்கம்பி எழுதியது:

11–52 வாங்கிவிட்டேன். சேடிலுக்கு அடியில் ஒரு பியெசோ பிக்கப் பட்டை (அதிர்வை ஆம்புக்கு மின்சைகையாக அனுப்புவது) இருப்பதை இன்றுதான் பார்த்தேன், வால்யூம் கட்டுப்பாடு சவுண்ட் ஹோல் ஓரத்தில் ஒளிந்திருக்கிறது. சேடில் கணக்கில் அதுவும் வருமா?

உளிச்சத்தம் எழுதியது:

வரும். பட்டையின் தடிமனும் சேடிலைத் தூக்கிக்கொண்டிருக்கிறது, அளந்து பாருங்கள். பல பட்டைகள் 1 மி.மீ.யைச் சுற்றி இருக்கும். ப்ளக் செய்து வாசிக்கப் போவதில்லை என்றால் அதை எடுத்துவிடுங்கள். சேடில் அந்த அளவு இறங்கும், அதில் பாதி 12ஆம் ஃப்ரெட்டில் தெரியும், அந்த அளவுக்குத் தேய்க்க வேண்டியிராது. வயரை வெட்டாமல், ப்ரிட்ஜைச் சூடாக்கும் முன்பே உருவிச் சுருட்டி வையுங்கள். சூடு அதற்கு ஆகாது. பட்டை இருக்கட்டும் என்றால் சேடிலின் அடி அணுவளவும் கோணக்கூடாது. கோணினால் ஆம்பில் ஒரு கம்பி கத்தும், பக்கத்துக் கம்பி காணாமல் போகும்.